கையடக்கக் கணினிக்குக் கைவேலை

திருச்செங்கோட்டில் பழைய ரிக் வண்டிக்கு உதிரிபாகம் வருவது நின்றுபோனால், உடனே எடைக்குப் போட்டுவிட மாட்டார்கள். பட்டறையில் கடைந்து மாட்டி ஓட்டுவார்கள். கையடக்கக் கணினிகளுக்கும் அப்படியொரு வரலாறு உண்டு.

2000-இல் 'ஹெச்.பி. ஜோர்னடா 720' வந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றுப் பெரியது. விசைப்பலகையும் விண்டோஸ் சி.இ.யும் உண்டு. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு. பெங்களூரில் உருவாகி 2004-இல் விற்பனைக்கு வந்த நம் சிம்ப்யூட்டரிலும் இதே சில்லுதான்.

2003-இல் மைக்ரோசாஃப்ட் 'டாட்நெட் காம்பாக்ட் ஃபிரேம்வொர்க்' என்ற நிரல் நூலகத்தை வெளியிட்டது. நான் படித்த பிரெஞ்சில் இதற்கும் 'பிப்லியோதேக்' என்றே பெயர். பொது வேலைகளுக்கான நிரல்கள் அதில் இருக்கும். அதை நம்பி எழுதிய மென்பொருள் அது இல்லாமல் திறக்காது. பாக்கெட் பி.சி.க்கு அது கிடைத்தது. ஜோர்னடா 720 பட்டியலில் இல்லை.

வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பொதியைப் பிரித்து, ஆர்ம் சில்லுக்கான கோப்புகளை மட்டும் பொறுக்கி, விண்டோஸ் அடைவில் கையாலேயே வைத்தார்கள். மிப்ஸ் சில்லுக்கானதை வைத்தால் ஓடாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வைத்தவையெல்லாம் ராம் நினைவகத்தில் இருப்பவை. இரண்டு பாட்டரியும் தீர்ந்தால் நூலகம் போகும், எழுதிவைத்த கணக்கும் கடிதமும் கூடவே போகும். கார்டில் நகல் இருந்தால்தான் மீட்சி.

அலுவலகத்தில் என்றைக்கும் காக்க வேண்டிய கோப்பில் 'ஆர்.டிஸ்.' என்று எழுதுவோம். உங்கள் வீட்டுப் பழைய கருவியோடு வந்த சி.டி.யின் மேலும் அதையே எழுதி வையுங்கள்.