தோட்டத்து ஆசிரியரும் இழந்த காற்பங்கும்

நன்னூலின் பொதுப்பாயிரம் புலமை நிரம்பும் முறையை நான்கு காற்பங்குகளாக வகுக்கிறது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே உள்ளங்கொண்டார்க்கும் ஒரு பங்கே கைகூடும். அக்கல்வியில் ஈடுபட்டோரோடு பழகுவதால் இன்னொரு பங்கு வாய்க்கும். எஞ்சிய இரண்டும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும். மாணவர்க்கு வகுத்த இந்நெறி ஆசிரியர்க்கும் பொருந்தும். நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை இந்த அளவுகோல் கொண்டு நோக்கலாம்.

1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், இம்மாநிலம் உள்ளிட்ட நான்கு கூட்டு மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றி, பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பல தோட்டங்களில் வாத்தியாரானார். ஒரே அறையில் பல வகுப்புகளை நடத்திய அவர், கற்பித்துக் கற்கும் இரு பங்கைத் தம் முயற்சியால் பெற்றிருக்கலாம். தொழில் பயிற்றுவிக்க ஆசானும் இல்லை; ஐயம் எழுந்தால் கலந்து பேச உடனாசிரியரும் இல்லை.

மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்கெனத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1922இல் தோன்றியது. தமிழாசிரியர்களுக்கு அத்தகைய உறைவிடக் கல்லூரி அக்காலத்தில் அமையவில்லை. போருக்கு முன் தொடங்கிய பகுதிநேர வகுப்புகள் முதற் காற்பங்கை ஓரளவு அளித்தன. ஆயினும் வகுப்பு முடிந்து தோட்டம் திரும்பியவர் மீண்டும் தனியரே ஆனார்.

இன்று சிரம்பானிலேயே ராஜா மெலேவார் ஆசிரியர் கல்விக் கழகம் இயங்குகிறது. புதிய ஆசிரியர்க்கு மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தும் திட்டத்தையும் கல்வி அமைச்சு வகுத்துள்ளது. அவ்வழிகாட்டலின் பயன் சிறு செய்திகளில் விளங்கும். 'பந்து காணாமப் போச்சு' என்று மாணவன் எழுதினால் புதியவர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். மூத்தவரோ, 'போயிற்று' என்பதன் 'ற்று' பேச்சில் 'ச்சு' ஆவதைக் காட்டி, 'ஆச்சு' என்பதற்கு எழுத்து வடிவம் யாதென மாணவனையே கேட்கச் செய்வார். வீட்டுமொழி பழிக்கப்படாமல் எழுத்துமொழிக்குப் படியாகிறது. இந்நுட்பம் பெரும்பாலும் அருகிருந்து காண்பதால் கைவருவது.

ஆயினும் பழைய தனிமை முற்றும் நீங்கிவிடவில்லை. இம்மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை 150க்கும் குறைவு. ஆசிரியர் சிலரே உள்ள பள்ளியில், தலைமையாசிரியரே வகுப்பும் அலுவலகமும் சுமந்துகொண்டு வழிகாட்டியாகவும் நிற்க நேர்கிறது. அண்டைப் பள்ளிகள் ஒன்றுகூடித் தம் மூத்த ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளலாம், ஓய்வுபெற்றோரையும் அழைக்கலாம். அதற்கான நேரம் கால அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். இல்லையேல் வழிகாட்டல் ஏட்டளவில் நின்றுவிடும்.

பள்ளிக்குக் கட்டடமும் ஆசிரியர்க்குச் சான்றிதழும் வந்துவிட்டன. நூற்றாண்டுக்கு முன் தோட்டத்து வாத்தியார் இழந்த அந்தக் காற்பங்கை அவர் வழிவந்தோர்க்கு அளிப்பது நம் கடன்.