தேய்ந்த கப்பல்

தேய்ந்த காசு கைக்கு வந்ததும் எழுத்தைத் தேடுவதுதான் வழக்கம். எழுத்து தெரிந்தால் மதிப்பு, தெரியாவிட்டால் செல்லாக்காசு என்று ஒதுக்கிவிடுகிறோம். பழைய ரோமானிய வெள்ளிக் காசான தெனாரியஸ் அசலா போலியா என்று பார்க்கும்போது இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. எழுத்தும் உருவமும் அச்சு வெட்டியவனின் வேலை. கைத்திறன் உள்ள இன்னொருவன் அவற்றைத் திரும்ப வெட்டிவிடலாம். தேய்மானத்தை அப்படி வெட்ட முடியாது. அது எத்தனையோ கைகளும் பைகளும் கல்லாப்பெட்டிகளும் சேர்ந்து செய்த வேலை. இதைச் சோதித்துப் பார்க்க ரோமானியத் தளபதி மார்க் அந்தோனியின் படையணிக் காசைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ரோமானிய வெள்ளிக் காசுகளில் இந்த அளவுக்குத் தேய்ந்து கிடைப்பது வேறு அதிகம் இல்லை.

கி.மு. 32-31 குளிர்காலத்தில், பின்னாளில் அகஸ்டஸ் என்ற பேரரசனான ஒக்டாவியனோடு மோதப் போகும் தறுவாயில், படைவீரர்களுக்குக் கூலி கொடுக்க அந்தோனி இந்தக் காசுகளை ஏராளமாக அடித்துத் தள்ளினான். கிரேக்க நாட்டுப் பத்ராஸில் அடிக்கப்பட்டவை என்பது பொதுவான கருத்து. ஒரு புறம் துடுப்புகள் வரிசையாக நீட்டிய போர்க்கப்பல். மறுபுறம் இரண்டு கொடிக்கம்பங்களுக்கு நடுவே படையணிக் கழுகு, அதன் கீழே படையணி எண். மாற்று குறைந்த வெள்ளி. அந்தோனி தெனாரியஸில் இரும்பைக் கலந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குற்றம் சாட்டுகிறார். கலந்தது உண்மை, ஆனால் உலோகம் செம்பு. கி.மு. 31 செப்டம்பரில் அக்டியம் கடற்போரில் அந்தோனி தோற்றான். தோற்றவனின் காசு மட்டும் புழக்கத்தில் நிலைத்துவிட்டது. காரணம் அதன் மட்டமான வெள்ளியேதான். கி.பி. 64-இல் பேரரசன் நீரோ தெனாரியஸின் எடையையும் மாற்றையும் குறைத்தபோது, அதற்கு முந்தைய நல்ல வெள்ளிக்காசைப் பெட்டியில் பூட்டவோ உருக்கவோ மக்களுக்குக் காரணம் கிடைத்தது. அந்தோனியின் காசை உருக்கினால் ஆதாயம் சொற்பம். அதனால் அது சந்தையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எவ்வளவு காலம் சுற்றியது என்பதற்கு இங்கிலாந்தின் சாமர்செட்டில், ஷாப்விக் என்ற ஊரில் 1998-இல் கிடைத்த புதையலே சாட்சி. 9,000-க்கும் மேற்பட்ட தெனாரியஸ்கள் அதில் இருந்தன. மிகப் பழையவை அந்தோனியின் படையணிக் காசுகள்; கடைசிக் காசு கி.பி. 224-ஐச் சேர்ந்தது. அதாவது அந்தோனி அடித்த காசு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பிரித்தானியப் பணக்காரரின் சேமிப்பில் செல்லுபடியாகும் பணமாக இருந்தது. இப்படிப்பட்ட காசில் கப்பலின் வெளிக்கோடு மட்டும் நிழலாகத் தெரிந்தால் வியப்பதற்கில்லை. அதன் வரலாறு அறிந்தவர் எதிர்பார்ப்பதே அதுதான். இந்த வரலாற்றின் மறுபாதியைக் கொங்கு நாட்டில் காணலாம். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த 500-க்கும் மேற்பட்ட தெனாரியஸ்களில் பெரும்பாலானவை பேரரசர்கள் அகஸ்டஸும் திபேரியஸும் அடித்த நல்ல வெள்ளி. மட்டமான வெள்ளி உள்நாட்டில் புழங்கித் தேய, தரமான வெள்ளி மிளகையும் நீலப்பச்சைக் கல்லையும் தேடிக் கடல் கடந்தது. சங்ககாலத் தமிழில் நாணயம் பார்ப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். புலவர் பெயர்களிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு வணிகர் மட்டமான காசைத் தள்ளிவிட நினைத்தாலும் எளிதில் நடந்திருக்காது.

சரி, தேய்மானத்தில் அப்படி என்ன படிக்க முடியும்? முதலில் அதன் ஒழுங்கு. புழக்கத்தில் மேடுதான் முதலில் தேயும், பள்ளம் கடைசியில். படையணிக் காசில் கழுகின் மார்பும் கப்பலின் நடுவுடலும் மழுங்கிய பிறகும் கொடிக்கம்பங்களின் ஓரக் கோடுகள் தங்கியிருக்கும். அரத்தால் ராவியோ மணலோடு குலுக்கியோ பழசாக்கிய காசில் மேடும் பள்ளமும் ஒரே சீராக மங்கியிருக்கும், அல்லது கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அடுத்தது முலாம். செம்பு உள்ளீட்டின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசு ரோமிலேயே பெருகியிருந்தது. கி.மு. 85-இல் பிரீட்டர் என்ற உயர் பதவியில் இருந்த மாரியஸ் கிராட்டிடியானஸ் தெனாரியஸைச் சோதிக்கும் முறைக்கு ஆணை பிறப்பித்தபோது மக்கள் நன்றியோடு அவனுக்குச் சிலைகள் எழுப்பினர். எபிக்டீட்டஸ் என்ற தத்துவஞானி, காசு பார்ப்பவன் கண்ணாலும் தொட்டும் முகர்ந்தும் சோதித்துவிட்டு, கடைசியில் கீழே போட்டு ஓசையைக் கேட்பான் என்கிறார். ஆனால் முழுக்கத் தேய்ந்த காசுக்கு இத்தனை சோதனை வேண்டியதில்லை. முலாம் மெல்லியது, உருவமே மறையும் அளவுக்குத் தேய்ந்தால் மேடான இடங்களில் செம்பு எட்டிப்பார்த்தே தீரும். தேய்ந்தும் வெள்ளை மாறாத காசு, தான் போர்த்தியதல்ல என்பதைத் தானே காட்டிவிடுகிறது. புதிதாகப் பளபளக்கும் காசுக்கு இந்த வசதி கிடையாது!

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அசலான தேய்ந்த காசை வைத்தே அச்சுக்குழி எடுத்து வெள்ளியை வார்த்தால் தேய்மானமும் அப்படியே பிரதியாகிவிடாதா? ஆகும். மேடு பள்ளங்களின் ஒழுங்குகூட அசலைப் போலவே இருக்கும். ஆனால் வார்த்த காசின் பரப்பில் காற்றுக்குமிழின் நுண்குழிகளும், விளிம்பைச் சுற்றி அச்சுக்குழி சேர்ந்த தடமும் இருக்கக்கூடும். அவற்றை ராவி மறைத்தாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள் ஒத்திருப்பது இயல்பு. ஒரே கீறலும் ஒரே தேய்வும் இரண்டு காசுகளில் இருக்க வழியே இல்லை. அப்படி ஒரு ஜோடி அகப்பட்டால் அவற்றில் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே. பிரதி எடுக்க உதவிய அதே தேய்மானம்தான் பிரதி எடுத்தவனைக் காட்டிக்கொடுக்கிறது. காசு மாற்றுவோர் சோதனைக்காக அடித்த பிறை, புள்ளி போன்ற சிறு முத்திரைகளையும் இங்கே பார்க்க வேண்டும். முத்திரையின் ஓரமும் மழுங்கியிருந்தால் அதற்குப் பிறகும் காசு புழங்கியது என்று பொருள். மண்ணடுக்குகளைப் படிப்பதுபோல, எது முந்தியது எது பிந்தியது என்று இதிலும் அடுக்கிப் பார்க்கலாம்.

எடையைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. எடை உதவும், ஆனால் தேய்ந்த காசில் அது பாதிச் சாட்சிதான். புதிதில் மூன்றரை கிராமுக்கு மேல் இருந்த படையணிக் காசு தேய்ந்து மூன்றுக்கும் கீழே இறங்குவதுண்டு. அடர்த்தி அதைவிட நம்பகமானது. தூய வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பின் அடர்த்தி 8.96. காசைக் காற்றில் ஒரு தடவை, நீரில் மூழ்கவிட்டு ஒரு தடவை நிறுத்தால் கலப்பு ஏறத்தாழத் தெரிந்துவிடும். மாற்றை அளக்கும் எக்ஸ் கதிர்க் கருவியோ மேல்தோலைத்தான் படிக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் கலப்பு வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து வெளியேறிவிடும். அதனால் கருவி காட்டும் மாற்று உண்மையைவிட உயர்வாக இருக்கலாம்.

தேய்மானத்தின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், படையணி எண்ணில் அது என்னையும் கைவிடுகிறது. நெடுங்கோடு ஒன்றைக் குறிக்கும், பெருக்கல் குறி போன்றது பத்தை. ஒரு கோடு தேய்ந்தால் எட்டாம் படையணி ஏழாம் படையணியாகிவிடும். வழக்கமாகக் கிடைப்பவை இரண்டு முதல் இருபத்துமூன்று வரையிலான எண்கள். முதல் படையணியின் காசு மிக அரிது, விலையும் அதிகம். எண்ணைச் சுரண்டி மாற்ற ஆசை வருவது இதனால்தான். மங்கிய இடத்தில் விரும்பிய எண்ணைப் படிப்பதும் ஒரு வகைச் சுரண்டல்தான், கத்தி மட்டும் இல்லை. அசல் காசு என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, எண் தெரியவில்லை என்று எழுதுவதே நேர்மையான அடையாளம்.

தேய்ந்த கப்பலைக் கண்டதுமே அந்தோனி என்று முடிவுகட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கி.பி. 161 முதல் 169 வரை சேர்ந்து ஆண்ட மார்க்கஸ் அவ்ரேலியஸும் லூசியஸ் வேரஸும் ஆறாம் படையணியின் பெயரில் இந்தக் காசை மீண்டும் அடித்தார்கள். பழைய கப்பல் அப்போதும் புழக்கத்தில் இருந்தது. இரண்டையும் பிரிக்க எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. அந்தோனியின் வழக்கமான காசில் கழுகுப் புறத்தில் எழுத்து கீழ்ப்பகுதியில் மட்டுமே. மறுவெளியீட்டில் பேரரசர்கள் இருவரின் பெயரும் விளிம்போரமாகச் சுற்றி வரும். காசைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினால், கழுகின் தலைக்கு மேலே, விளிம்பை ஒட்டி, எழுத்தென்றும் சொல்ல முடியாத சிறு மேடுகள் நிழல் போடுகின்றனவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.