குவாண்டாஸ் விமானம் 30

ஹாங்காங்கிலிருந்து மெல்பர்னுக்குச் சென்றுகொண்டிருந்த குவாண்டாஸ் நிறுவனத்தின் போயிங் 747-400 விமானம், 2008 ஜூலை 25 அன்று தென்சீனக் கடலுக்கு மேல் 29,000 அடி உயரத்தில் கேபின் அழுத்தத்தை இழந்தது. பாதை மாற்றப்பட்டு மணிலாவில் பத்திரமாகத் தரையிறங்கிய அந்த விமானத்தில், பயணிகளும் பணியாளர்களுமாக 369 பேர் இருந்தனர். ஒருவருக்கும் உடற்காயம் இல்லை. வலப்புறத்தில், இறக்கை உடலோடு சேரும் இடத்தருகே, சுமார் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் அளவில் ஓட்டை விழுந்திருந்தது. இத்தனை பேர் பிழைத்ததை அதிர்ஷ்டத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது பணியாளர்களுக்குச் செய்யும் அநீதி.

விமானம் புறப்பட்டு 55 நிமிடங்கள் ஆகியிருந்தன. முன்பக்கச் சரக்குப் பகுதியின் வலது ஓரத்தில், பயணிகளின் அவசரத் தேவைக்கான ஆக்சிஜன் சிலிண்டர்கள் ஏழு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றில் நான்காவது, அடிப்பாகத்தில் வெடித்தது. வெடிப்பின் வேகம் பக்கச்சுவரைப் பிய்த்தது. சிலிண்டர் செங்குத்தாக மேலே பாய்ந்து, பயணிகள் பகுதியின் தரையைத் துளைத்து, வலப்பக்க இரண்டாம் கதவின் கைப்பிடியில் மோதி, கூரைப் பலகையையும் இடித்தது. அடிபட்ட கைப்பிடி திறக்கும் திசையில் திரும்பியிருந்தது. ஆனால் அளவு மீறிய விசை வந்தால் அதன் தண்டு முறிந்துவிடும்படியே வடிவமைக்கப்பட்டிருந்ததால், கதவு அசையவில்லை.

பயணி விமானங்களின் கேபின் அழுத்தம், விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் கீழே போகாமல் பராமரிக்கப்படுகிறது. அந்த அழுத்தம் போய்விட்டால், 30,000 அடியில் ஒருவர் தெளிவாகச் சிந்தித்துச் செயல்பட ஓரிரு நிமிடங்கள்தான் கிடைக்கும். திடீர் இழப்பில் அதுவும் சுருங்கும். மூச்சுத்திணறல்கூடப் பெரிதாகத் தெரியாது. நாம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்ற எண்ணத்திலேயே நினைவு மங்கும் என்பதுதான் இதில் மிகக் கொடியது.

எனவே விமானிகளின் முதல் வேலை விமானத்தைப் பற்றியதல்ல, தங்கள் முகமூடியைப் பற்றியது. இருக்கையை ஒட்டியிருக்கும் முகமூடியை ஒரே கையால், ஐந்து நொடிக்குள் மாட்டிவிட முடியும். அதன் மைக் வழியாக ஒருவரோடொருவர் பேச முடிகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, எஞ்சின் விசையைக் குறைத்து, இறக்கைமேல் உள்ள வேகத்தடுப்புத் தகடுகளை உயர்த்தி, 10,000 அடியை நோக்கி இறக்குவார்கள். விமானத்தின் உடலே சேதமாகியிருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தால், இறங்கும் வேகத்தை எல்லைக்குள் வைக்க வேண்டும். 30-ஆம் எண் விமானத்தில் இறக்கம் 10,000 அடியில் முடிந்து, அங்கிருந்து மணிலாவுக்குத் திருப்பப்பட்டது.

அழுத்தச் சிக்கலை அடையாளம் காணத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 ஆகஸ்ட் 14 அன்று கிரேக்கத்தில் விழுந்த ஹீலியோஸ் விமானம் 522 சான்று. அழுத்தக் கட்டுப்பாட்டு விசை தானியங்கி நிலையில் வைக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலியை விமானிகள் வேறொரு கோளாறின் ஒலியாக எடுத்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டே போனார்கள். 121 பேரும் இறந்தனர்.

முதலில் தன் முகமூடி என்ற விதி கேபினுக்குள் பணியாளர்களுக்கும் உண்டு: கைக்கெட்டும் முகமூடியை மாட்டிக்கொண்டு, கிடைத்த இருக்கையில் உட்கார வேண்டும். இறக்கம் முடிந்த பிறகே சிறு சிலிண்டரோடு பயணிகளைப் பார்க்கச் செல்வார்கள். கூரையிலிருந்து தொங்கும் முகமூடியைக் கீழே இழுத்தால்தான் ஆக்சிஜன் ஓடத் தொடங்கும் என்பதையும், அதிலுள்ள பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வருகிறது என்பதையும் பயணிகளில் பலர் கவனித்திருப்பதில்லை. புறப்படும்போது தரப்படும் செய்முறை விளக்கத்தைப் பார்க்காமல் தலைகுனிந்திருப்பது உண்மையான ஆபத்து.

30-ஆம் எண் விமானத்துக்குத் தரையிறங்கும் நேரத்தில் வேறொரு சோதனை காத்திருந்தது. ஓடுபாதைக்கு வழிகாட்டும் மூன்று கருவிகளும், சக்கரம் வழுக்காமல் காக்கும் பிரேக் அமைப்பும் செயலிழந்திருந்தன. விமானிகள் கண்ணால் பார்த்தே விமானத்தை இறக்கி, ஓடுபாதையிலேயே நிறுத்தினர். தீயணைப்பு வீரர்கள் சுற்றிப் பார்த்த பின் அது முனையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. பயணிகளில் பலர் அந்த ஓட்டையைக் கண்டது இறங்கிய பிறகுதான்.

விசாரணையை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்தியது. வெடித்த சிலிண்டரில் வால்வுப் பகுதி மட்டுமே கிடைத்தது. மற்றது ஓட்டை வழியே கடலில் விழுந்திருக்க வேண்டும். அதே தொகுதியில் தயாரான வேறு சிலிண்டர்களைச் சோதித்தும் குறை எதுவும் புலப்படவில்லை. 2010 நவம்பரில் வெளியான இறுதி அறிக்கை, அது வெடித்ததன் மூலகாரணத்தை நிறுவ முடியவில்லை என்றும், இப்படியொன்று மீண்டும் நிகழ வாய்ப்பு மிகக் குறைவு என்றும் முடித்தது.