பாரிஸ் – மார்செய் விரைவுச்சாலைப் பயணம் (1982)

1982ஆம் ஆண்டு மே 23, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரிலிருந்து ஒரு சிவப்பு நிற ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. வேனில் இருவர்: அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸார், அவருடைய மனைவி கரோல் டன்லப். சேர வேண்டிய இடம் மத்தியதரைக் கடலோரத்து மார்செய். சுமார் 800 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவு உணவுக்குப் போய்விடலாம். இவர்கள் போய்ச் சேர்ந்தது ஜூன் 23 அன்று. வண்டி பழுதாகவில்லை, வழியும் தவறவில்லை. ஒரு மாதம் எடுத்துக்கொள்வதுதான் திட்டமே.

இந்தப் பயணத்தின் கதையாக இருவரும் சேர்ந்து எழுதிய 'லோஸ் அவுதோனவுதாஸ் தே லா கோஸ்மோபிஸ்தா' 1983இல் வெளிவந்தது. விண்வெளி வீரர் என்ற சொல்லோடு காரையும், பிரபஞ்சம் என்ற சொல்லோடு விரைவுச்சாலையையும் ஒட்டவைத்துச் செய்த வேடிக்கைத் தலைப்பு அது.

சாலையும் வேனும்

பாரிஸிலிருந்து லியோன் வரை ஏ6, லியோனிலிருந்து மார்செய் வரை ஏ7. இரண்டும் சேர்ந்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சூரியனின் விரைவுச்சாலை' என்று அழைக்கிறார்கள். வடக்கே குளிரில் வேலை செய்பவர்கள் கோடை விடுமுறைக்குத் தெற்கே வெயிலைத் தேடிப் போகும் பாதை என்பதால் அந்தப் பெயர். 1970இல் பாரிஸும் மார்செயும் இதனால் முழுமையாக இணைந்தன. அதற்கு முன் அதே மக்கள் தேசிய நெடுஞ்சாலை 7 வழியே ஊர் ஊராக, சாப்பாட்டுக் கடை கடையாக நின்று போனார்கள். விரைவுச்சாலை வந்ததும் ஊர்கள் கண்ணில் படாமல் போயின. அவற்றுக்குப் பதிலாகச் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக ஓய்விடங்கள் அமைக்கப்பட்டன. சிலவற்றில் நாலு மரம், ஒரு கழிப்பறை, மேசை, குப்பைத்தொட்டி மட்டுமே இருக்கும். சிலவற்றில் பெட்ரோல் நிலையமும் உணவகமும் தங்கும் விடுதியும்கூட உண்டு.

வேனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1947இல் பென் பான் என்ற டச்சு வணிகர் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய பெட்டி வடிவப் படத்திலிருந்து தொடங்கியது ஃபோக்ஸ்வாகன் வேன். 1950இல் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் உற்பத்தி ஆரம்பமானது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் அதற்குள் பொருத்தக்கூடிய படுக்கை, அலமாரி முதலியவற்றைச் செய்யத் தொடங்கியது. சாமான் ஏற்றப் பிறந்த வண்டி இப்படித்தான் வீடாக மாறியது. கொர்த்தாஸாரின் வேனில் தண்ணீர்த் தொட்டி, படுக்கையாக விரியும் இருக்கை, வானொலி, தட்டச்சுப் பொறி, புத்தகங்கள், சூப் டின்கள், சிவப்பு ஒயின் எல்லாம் இருந்தன. ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் அதற்குள் எப்படிக் கால் நீட்டினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ஃபாஃப்னர். வாக்னரின் இசை நாடகத்தில் புதையலைக் காக்கும் டிராகனின் பெயர் அது. நாடகத்தில் டிராகனைக் கொல்பவன்தான் வீரன். கொர்த்தாஸாருக்கோ டிராகன் மேல்தான் அன்பு.

புறப்பாடு

கொர்த்தாஸார் 1914இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். 1951 முதல் பாரிஸில் வாழ்ந்தார். யுனெஸ்கோவில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1963இல் வந்த 'ராயுவேலா' நாவல் அவருக்கு உலகப் புகழ் தந்தது. 1976இல் அர்ஜென்டினாவில் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தை வெளிப்படையாக எதிர்த்தார். 1981இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். கரோல் அமெரிக்காவில் பிறந்து கனடாவில் வாழ்ந்த எழுத்தாளர், புகைப்படக் கலைஞர். கணவரைவிட முப்பது வயதுக்கு மேல் இளையவர்.

பயண யோசனை 1978இலேயே பிறந்துவிட்டது. வேலை, அரசியல் பயணங்கள், உடல்நலக் குறைவு என்று அது ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போனது. 1981 ஆகஸ்டில் கொர்த்தாஸார் இரைப்பை இரத்தக்கசிவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கரோலும் நலமாக இல்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்ல இனி இடமில்லை என்ற நிலையில்தான் 1982 மே மாதத்தைக் குறித்தார்கள்.

விதிகளைத் தாங்களே வகுத்தார்கள். மார்செய் சேரும்வரை ஒருமுறைகூட விரைவுச்சாலையை விட்டு வெளியேறக்கூடாது. நாளுக்கு இரண்டு ஓய்விடங்கள். இரண்டாவது எப்படி இருந்தாலும் இரவு அங்கேதான் தங்க வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் பழைய கடலோடிகள் புதிய தீவை ஆராய்வதுபோல ஆராய்ந்து எழுத வேண்டும். மொத்தம் 65 ஓய்விடங்கள். கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். மாட்டுவண்டி வேகம்!

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. கட்டணச் சாலைக்குள் நுழைந்த வாகனம் இரண்டு நாளுக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது. அதனால் தங்கள் திட்டத்தை விளக்கி அனுமதி கேட்டுச் சாலை நிறுவனத்தின் இயக்குநருக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் வரவில்லை. அனுமதி இல்லாமலேயே புறப்பட்டார்கள். வழியில் எந்தச் சுங்கச்சாவடியில் யார் மடக்குவார்கள் என்ற கவலை அவர்களோடு கூடவே வந்தது. வெளியே போக முடியாதாகையால் காய்கறி, பழம் போன்றவற்றை நண்பர்கள் இடையில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதே சாலையைப் பற்றிக் கொர்த்தாஸார் முன்பே எழுதியிருந்தார் என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 1966இல் வந்த 'தெற்கு விரைவுச்சாலை' சிறுகதையில், பாரிஸ் திரும்பும் கார்கள் ஒரு பெரும் நெரிசலில் சிக்கி நாட்கணக்கில் நிற்கின்றன. அந்நியர்கள் தண்ணீர் பகிர்ந்து, நோயாளியைப் பார்த்துக்கொண்டு, ஒரு சிறு ஊராகவே ஆகிவிடுகிறார்கள். நெரிசல் விலகியதும் அந்த ஊர் கலைந்துபோகிறது. கதையில் மனிதர்கள் மாட்டிக்கொண்டு நின்றார்கள். 1982இல் அவர் விரும்பி நின்றார்.

குறிப்பேட்டில் உள்ளவை

முதல் வாசிப்பில் இதை ஒரு விளையாட்டு என்றே எண்ணினேன். எழுதப்பட்ட விதம் அப்படி. ஆனால் நாட்குறிப்பைப் பாருங்கள்: தேதி, காலை உணவு, மதிய உணவு, வெப்பநிலை, வேன் எந்தத் திசை நோக்கி நின்றது என்பது வரை பதிவாகியிருக்கிறது. லாரி ஓட்டுநர்கள், விடுமுறைக் குடும்பங்கள், மரங்கள், எறும்புகள், குப்பைத்தொட்டிகள் எல்லாம் வருகின்றன. மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு இருவரும் எழுதினார்கள். அந்தப் பூப்போட்ட நாற்காலிகள் கண்ணுக்குக் கொடூரமானவை என்று அவர்களே கேலி செய்துகொள்கிறார்கள். ஒருவரையொருவர் ஓநாய் என்றும் குட்டிக் கரடி என்றும் அழைத்துக்கொண்டார்கள். அவர் ஸ்பானிய மொழியிலும் கரோல் பிரெஞ்சிலும் எழுதினார்கள். எவரும் பத்து நிமிடத்துக்கு மேல் நில்லாத இடங்களை 1982இல் இவ்வளவு பொறுமையாகப் பதிவு செய்த ஆவணம் வேறொன்று என் கண்ணில் படவில்லை.

உலகம் அமைதியாக இருந்த நாட்களல்ல அவை. மால்வினாஸ் தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் பிரிட்டனும் போரிட்டுக்கொண்டிருந்தன. ஜூன் 14 அன்று அர்ஜென்டினப் படை சரணடைந்தபோது வேன் தெற்கே பாதிக்கு மேல் வந்துவிட்டிருந்தது. தான் வெறுத்த இராணுவ ஆட்சி தன் நாட்டு இளைஞர்களைப் போருக்கு அனுப்பிய வேளையில் கொர்த்தாஸார் இந்த ஓய்விடங்களில் இருந்தார்.

பிறகு

பயணம் முடிந்ததும் இருவரும் நிகரகுவா சென்றார்கள். அங்கே கரோலின் உடல்நிலை மோசமானது. பாரிஸ் திரும்பிய அவர் எலும்பு மஜ்ஜை நோயால் 1982 நவம்பர் 2 அன்று இறந்தார். வயது 36. புத்தகம் அப்போது முடிந்திருக்கவில்லை. கரோல் பிரெஞ்சில் எழுதிய பகுதிகளைக் கொர்த்தாஸாரே ஸ்பானிய மொழிக்கு மாற்றினார். கரோலின் மகன் ஓய்விடங்களின் படங்களை வரைந்துகொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கொர்த்தாஸார் ஒரு பின்குறிப்பு எழுதி, சிரித்தபடி தொடங்கிய புத்தகத்தைத் தான் தனியாக முடிக்க நேர்ந்ததை வாசகர்களுக்குத் தெரிவித்தார். ஆசிரியர் உரிமைத்தொகை நிகரகுவா மக்களுக்கென ஒதுக்கப்பட்டது.

1984 பிப்ரவரி 12 அன்று அவரும் இறந்தார். பாரிஸ் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் கரோலை அடக்கம் செய்த அதே கல்லறையில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே வரும் வாசகர்கள் கல்லின் மேல் கடிதங்களையும் மெட்ரோ பயணச்சீட்டுகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.