ஏவூர்தி நிறுவனங்களும் தோட்டத் துண்டாடலும்: பேராக்கிலிருந்து ஒரு நோக்கு

2020 ஜூன் மாதத்தில் இந்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அதுவரை இஸ்ரோவிடம் மட்டுமே இருந்த ஏவுபணியில் நிறுவனங்கள் நேரடியாக இறங்க வழி பிறந்தது. அவற்றுக்கு இசைவு வழங்க இன்-ஸ்பேஸ் என்னும் அமைப்பும் தோன்றிற்று. பேராக் தோட்டப்புற வரலாற்றை அறிந்தோர் இம்மாற்றத்தை எவ்வாறு நோக்கலாம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டின் விண்வெளித் தொடர்பு அரசின் வழியே தொடங்கியது. 1970இல் குவாந்தானில் துணைக்கோள் தரைநிலையம் திறக்கப்பட்டபோது தொலைத்தொடர்புக்குப் பொறுப்பான அமைச்சர், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் ஆவார். 1996 ஜனவரியில் விண்ணேறிய மீசாட்-1 துணைக்கோளோ ஆனந்த கிருஷ்ணனின் தனியார் நிறுவனத்திற்குரியது. அதனைச் சுமந்ததும் ஏரியான்ஸ்பேஸ் என்னும் வணிக நிறுவனமே. 2009 ஜூலை 14இல், ஏறத்தாழ 180 கிலோ எடையுள்ள ரசாக்சாட், மார்ஷல் தீவுகளின் ஓமெலெக்கிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-1 ஏவூர்தியில் சென்றது. அவ்வேவூர்தி முதல் மூன்று முறை தோற்றது. நான்காம் முறை போலிச் சுமையுடன் வென்றது. வாடிக்கையாளரின் துணைக்கோளொன்றை அது முதன்முதலாகச் சுற்றுப்பாதையில் சேர்த்தது நமக்காகத்தான். வகுப்பறையில் ஆசிரியர்கள் எடுத்துரைக்கத்தக்க செய்தி இது.

இந்தியாவில் 2022 நவம்பர் 18இல் ஹைதராபாத்தின் ஸ்கைரூட்டும், 2024 மே 30இல் சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்திகளைச் செலுத்தின. அக்னிகுலின் எந்திரம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. இரண்டும் சுற்றுப்பாதையை எட்டாத சோதனைப் பறப்புகளே. செய்தி ஆரவாரத்தில் இவ்வுண்மை மங்கிவிட்டது. மேலும், சிற்றேவூர்திகள் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கிப் பறக்க ஏதுவான குலசேகரப்பட்டினத்தில், அரசே 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தி ஏவுதளம் அமைக்க முற்பட்டது. ஊர்தி தனியாருடையது, தரை அரசினுடையது.

இங்குத்தான் நமக்குத் தோட்டத் துண்டாடல் நினைவுக்கு வருகிறது. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு மறுபடியும் விற்றனர். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். சில ஏக்கரை வாங்கியவருக்குப் பால்மரம் கிடைத்தது. லயன்வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவற்றைப் பேணும் கடமை எவரிடமும் சேரவில்லை. தொழிலாளர் மாதத் தவணையில் பங்கு செலுத்தித் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தோற்றுவித்தது இதற்கு விடையாகவே.

விண்வெளியில் அக்கடமைக்கு ஓரளவு எழுத்துச் சான்று உண்டு. தனியார் செயலுக்கும் அவர்தம் நாடே பொறுப்பு என 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை விதிக்கிறது. தரையில் நேரும் சேதத்திற்கு ஏவும் நாடு இழப்பீடு தரவேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டு உடன்பாடு. எனினும் அதன் ஏழாம் பிரிவை நாம் கூர்ந்து படித்தல் வேண்டும்: ஏவும் நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அவ்வுடன்பாடு பொருந்தாது. குலசேகரப்பட்டினத்து மீனவர் படகின்மேல் ஏவூர்திப் பகுதி வீழ்ந்தால் அவர் உள்நாட்டுச் சட்டத்தையே நாடவேண்டும். மலேசியா 2022இல் விண்வெளி வாரியச் சட்டத்தை இயற்றியது. இந்தியா 2023இல் வெளியிட்டதோ கொள்கை; சட்டமன்று.