மீள்மின்னேற்ற மின்கலங்கள்: தரத்தின் அளவுகோல் மாறிய வரலாறு

வீடுகளில் டார்ச் விளக்கு, கேமரா, பொம்மை முதலியவற்றில் இடப்படும் விரல் பருமனுள்ள மின்கலங்களில், தீர்ந்தபின் மீண்டும் சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தக்கூடியவை ஒரு நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பில் உருவானவை. ஆயினும் அவற்றின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற தெளிவு மிக அண்மையில்தான் பிறந்தது.

இவ்வகைக்கு மூலமான நிக்கல்–காட்மியம் மின்கலத்தை சுவீடன் நாட்டவரான வால்டெமர் யுங்னர் 1899இல் உருவாக்கினார். தொடக்கக் காலக் கலங்கள் மூடப்படாதவை. மின்னேற்றும்போது வாயு வெளியேறியதால் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. எனவே அவை தொழிற்கூடங்களைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. அந்த வாயுவைக் கலத்துக்குள்ளேயே மீண்டும் வேதிவினைக்கு உட்படுத்தி, முழுவதும் மூடிய கலத்தை 1947இல் சாத்தியமாக்கியவர், ஒலிவாங்கித் தயாரிப்பால் பெயர்பெற்ற ஜெர்மானியரான ஜார்ஜ் நாய்மன். எனினும் காட்மியம் நச்சு உலோகம் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் நெறிமுறை வழியாகச் சில விலக்குகளுடன் கையடக்க மின்கலங்களில் அதற்குத் தடை விதித்தது.

நிக்கல்–காட்மியம் கலத்துக்கு மாற்றாக வந்த நிக்கல்–உலோக ஹைட்ரைடு மின்கலம், ஹைட்ரஜனைத் தன்னுள் ஈர்த்து வைத்துக்கொள்ளும் உலோகக் கலவையை எதிர்மின்வாயாகக் கொண்டது. இதற்கான ஆய்வு 1967இல் ஜெனீவாவின் பாட்டெல் ஆய்வு நிறுவனத்தில் தொடங்கியது. 1990ஐ ஒட்டி ஜப்பானிய நிறுவனங்கள் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. கலம் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதைக் காட்டும் மில்லி ஆம்பியர் மணி என்ற அலகில், விரல் பருமனுள்ள கலத்தின் கொள்ளளவு தொடக்கத்தில் ஏறத்தாழ 1,000ஆக இருந்து, 2000களின் நடுவில் 2,500ஐத் தாண்டியது. உறையில் பெரிய எண் அச்சிட்ட கலமே சிறந்தது என்று வாங்குவோர் நம்பியதில் வியப்பில்லை.

கலத்தின் உருளை அளவோ மாறாதது. அதற்குள் கூடுதல் வேதிப்பொருளைத் திணிக்க வேண்டுமானால், நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் ஒன்றையொன்று தொடாமல் இடையே சுற்றப்படும் பிரிப்பான் என்னும் துணி போன்ற மெல்லிய படலத்தை மேலும் மெலிதாக்க வேண்டியிருந்தது. அப்படலம் நைலானால் ஆனதாக இருந்தால் காலப்போக்கில் சிதைந்து நைட்ரஜன் சேர்மங்களை வெளிவிடும். அவை இரு மின்வாய்களுக்கும் இடையே மாறிமாறிச் சென்று மின்னூட்டத்தைக் கரைக்கும். பயன்படுத்தாமலேயே சார்ஜ் இறங்கும் இந்நிகழ்வு தன்மின்னிறக்கம் எனப்படும். முழுதாக மின்னேற்றி மேசை அறையில் வைத்த கலம் சில மாதங்களில் பயனற்றுக் கிடந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். வெப்பம் மிகுந்த இடங்களில் இழப்பு இன்னும் விரைவாக நிகழும்.

கொள்ளளவைக் கூட்டும் இந்தப் போட்டியின் திசையைத் திருப்பியது, 2005 நவம்பரில் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனலூப் என்னும் மின்கலம். அதன் கொள்ளளவு 2,000; அன்றைய போட்டிக் கலங்களைவிடத் தெளிவாகவே குறைவு. ஆனால் எதிர்மின்வாயின் உலோகக் கலவையும் பிரிப்பானும் மேம்படுத்தப்பட்டிருந்ததால், ஓராண்டு கழிந்த பின்னும் 85 விழுக்காடு மின்னூட்டம் எஞ்சும் என்று நிறுவனம் அறிவித்தது. கொள்ளளவில் குறைந்தது தரத்தில் உயர்ந்ததாக இருக்கக்கூடும் என்பதை வீட்டுப் பயனர்களுக்கு முதன்முதலில் நடைமுறையில் உணர்த்தியதே அதன் பெரும் சாதனை.

தரத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய இன்னொரு பண்பு சீர்மை, அதாவது ஒரே பொதியிலுள்ள கலங்கள் ஒன்றுபோல் இயங்குதல். நான்கு கலங்களை வரிசையாக இணைக்கும் கருவியில் ஒன்று மட்டும் வலுக்குறைந்திருந்தால் அது முதலில் காலியாகும். அப்போதும் மற்ற மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துவதால் அதன் மின்முனைகள் தலைகீழாகி, கலம் நிலையாகச் சேதமடையும். ஆகவே சராசரி உயர்ந்தும் கலத்துக்குக் கலம் வேறுபடும் பொதியைவிட, சற்றே குறைந்தும் ஒத்திருக்கும் பொதியே மேல். எனலூப் உறையில் வழக்கமான கொள்ளளவோடு நில்லாமல் குறைந்தபட்சம் 1,900 என்றும் அச்சிட்டது இவ்வகையில் நேர்மையான செயல்.

உறையிலுள்ள வணிகப் பெயரும் நம்பகமான சான்றன்று. பானசோனிக் நிறுவனம் சான்யோவைக் கையகப்படுத்தியபோது, சந்தைப் போட்டி குன்றக்கூடாது என்ற நிபந்தனைப்படி, தக்கசாகி நகரிலிருந்த சான்யோவின் மின்கலத் தொழிற்சாலை எஃப்டிகே என்ற நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அதன் பிறகு ஒரே ஆலையின் கலங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்பனைக்கு வந்தன.

சர்வதேசத் தரநிலைப்படி ஒரு கலத்தின் கொள்ளளவு, ஐந்து மணி நேரத்தில் தீரும் அளவான மின்னோட்டத்தில் 1.0 வோல்ட் வரை இறக்கி அளக்கப்படுகிறது. இந்த எண்ணோடு குறைந்தபட்சக் கொள்ளளவையும், ஓராண்டுக்குப் பின் எஞ்சும் விழுக்காட்டையும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் உறையில் அச்சிட வேண்டும். அச்சிடாத கலத்தை, அதன் எண் எவ்வளவு பெரிதாயினும், வாங்குவோர் ஒதுக்குவதே முறை.