ஒரு பைசாத் தமிழன் முதல் கைப்பேசி வரை

நம் முன்னோர்க்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசியதை நாடறியச் செய்யும் கருவிதான் அவர்கள் கையில் இல்லை. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அக்கருவி நம் கைக்கு வந்த வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்கள். பிறர் இழித்துரைத்த பெயரையே இதழின் முகப்பில் பொறித்துத் தலைநிமிர்ந்தார்கள். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. ஏழையும் வாங்கத்தக்க விலையே அதன் பெயராயிற்று. கோலார் தங்கவயல் தொழிலாளரும் அதனைப் போற்றிப் படித்தனர். 1920இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, கட்டணம் பெற்றுக்கொண்டு அதன் விளம்பரத்தை வெளியிடவும் ‘கேசரி’ ஏடு மறுத்தது. பிறர் ஏட்டில் நமக்கு இடமில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அனைவர்க்கும் கருத்துரிமை வழங்கியது. எனினும் அச்சகமும் ஏடும் பொருள் படைத்தோரிடமே இருந்தன. இன்றோ பனியன் கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் நம் பிள்ளையிடமும் கைப்பேசி உள்ளது. இணையத்தில் எழுதுவோரைச் சிறைப்படுத்த வழிசெய்த 66ஏ பிரிவையும் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது.

இதன் பயனை நம் மாவட்டமே கண்டது. 2018 ஜூலையில் அவிநாசி வட்டார அரசுப் பள்ளியொன்றில் அருந்ததியப் பெண்மணி ஒருவர் சத்துணவு சமைப்பதைச் சாதியின் பெயரால் சிலர் எதிர்த்தனர். அவரை இடம் மாற்றி ஆணையும் பிறந்தது. செய்தி தொலைக்காட்சியிலும் சமூக ஊடகங்களிலும் பரவியது, மக்கள் போராடினர், ஆணை திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. முற்காலமாயின் அவர் கண்ணீர் அச்சமையற்கூடத்தைத் தாண்டியிராது.

ஆயினும் அதே கருவி தீங்கும் செய்தது. வடமாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவின. வேறிடத்துச் சண்டைகளை இங்கு நடந்தனவாகக் காட்டினர். திருப்பூரில் உழைக்க வந்த எளியோர் நடுங்கினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் நேரில் வந்து விசாரிக்க நேர்ந்தது. பழியுரையால் நெடுங்காலம் துன்புற்ற நாம், இன்னொரு ஏழையின் மீது பழியையோ அச்சத்தையோ பரப்புதல் தகுமா?

ஆதலின் பள்ளி ஆசிரியராகிய நாம் மாணவர்க்கு இரண்டையும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம். அநீதியைக் கண்டால் அஞ்சாது எழுதுக. வந்த செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன் யார் கண்டது, எங்கே, எப்போது என வினவுக. பண்டிதர் ஒரு பைசாவுக்கு வழங்கிய ஏட்டின் மதிப்பு, நம் கைப்பேசிக்கும் அப்போதுதான் வாய்க்கும்.